ஒன்பதாம் இலக்கத்தை விடுவதா, வைத்திருப்பதா?

போன ஞாயிறு பின்னேரம் எங்கள் உதைபந்தாட்டக் கழகக் கூட்டம் திருகோணமலை ஏகாம்பரம் மைதானத்தின் ஓரத்தில் நடந்தது. பதினான்கு பேர் வந்திருந்தோம். கதைக்க வேண்டிய விஷயம் ஒன்றே ஒன்றுதான். எங்கள் முன்கள வீரன் ஒன்பதாம் இலக்கத்தைக் கொழும்புக் கழகம் ஒன்று கேட்டிருக்கிறது.

அவனுக்கு இருபத்தாறு வயது. இரண்டு காலாலும் அடிப்பான். போன பருவத்தில் நாங்கள் போட்ட கோல்களில் பாதிக்கு மேல் அவனுடையவை. "மாதம் ஏதாவது பார்த்துத் தந்தால் ஊரிலேயே நிற்கிறேன் அண்ணா" என்று அவனே என்னிடம் வந்து சொன்னான். கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. அப்பா கடலுக்குப் போவதை நிறுத்தி இரண்டு வருடமாகிறது. வீட்டில் இரண்டு தங்கைமார்.

எங்கள் கையில் இருப்பது படகுகள் வைத்திருக்கும் ஒரு சம்மாட்டி இந்தப் பருவத்துக்கென்று தந்த மூன்று இலட்சம் ரூபாய். அதை அப்படியே அவனுக்குக் கொடுத்து அவனை வைத்திருக்கலாம். அவனை விட்டுவிட்டு வெளியூரிலிருந்து நன்றாக விளையாடும் இரண்டு பேரை இறக்கலாம். சுற்றுப்போட்டிக் காலத்தில் பல கழகங்கள் அப்படித்தான் செய்கின்றன. இல்லாவிட்டால் பதினாறு வயதுக்குட்பட்ட பொடியன்களுக்குப் பந்து, பூட்ஸ், கிழமைக்கு நான்கு நாள் பயிற்றுநர் என்று போடலாம். மூன்று பக்கமும் ஆள் இருந்தது, மூன்று பக்கமும் சத்தமும் இருந்தது. முடிவில்லாமல் எழும்பினோம். வரும் ஞாயிறு மறுபடி கூட்டம்.

செயலாளர் நான் என்பதால் இந்தக் கிழமை முழுக்க எனக்கு இதே யோசனை. பெரிய கழகங்களும் ஒவ்வொரு வருடமும் இதே கேள்வியோடுதான் கூடுகின்றன. அவர்கள் எடுத்த முடிவுகளும் அதனால் வந்த நன்மை தீமைகளும் எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தால் எங்களுக்கும் ஏதாவது வெளிக்கும் என்று பட்டது.

தொழில்முறை உதைபந்தாட்டத்தில் ஒரு நட்சத்திர வீரரின் விலையை இரண்டு மணிக்கூடுகள் தீர்மானிக்கின்றன. ஒன்று வயது. வேகத்தை நம்பி விளையாடும் முன்கள வீரர் முப்பதைத் தாண்டினால், அவர் இனிமேல் போடப் போகும் கோல்களைவிட ஏற்கெனவே போட்ட கோல்களுக்குத்தான் கழகம் சம்பளம் கொடுக்க வேண்டி வருகிறது. மற்றது ஒப்பந்தம். 1995 டிசம்பரில் பொஸ்மன் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பிறகு, ஒப்பந்தம் முடிந்த வீரர் பழைய கழகத்துக்கு ஒரு சதமும் சேராமல் வேறு கழகத்துக்குப் போகலாம். ஆகவே ஒப்பந்தத்தில் மிச்சம் குறையக் குறைய அவருடைய விலையும் இறங்கும்.

2021 ஆகஸ்டில் பிரான்ஸின் முன்கள வீரர் எம்பாப்பேக்காக ரியல் மட்ரிட் 160 மில்லியன் யூரோவுக்கு மேல் தர முன்வந்தது. பாரிஸ் சென் ஜெர்மைன் மறுத்துவிட்டது. 2024இல் ஒப்பந்தம் முடிந்து அவர் அதே ரியல் மட்ரிட்டுக்குச் சும்மா போனார். "வைத்திருந்தால் என்ன நட்டம்?" என்று எங்கள் கூட்டத்தில் ஒருவர் கேட்டபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது இதுதான்.

சரி, வைத்திருப்பவர்களின் பக்கத்திலிருந்து தொடங்குகிறேன். அவர்களுக்கு மெஸ்ஸியைவிடப் பெரிய சாட்சி கிடையாது. பார்சிலோனாவுக்கு 672 கோல்கள், ஐரோப்பியக் கழகங்களுக்கான சம்பியன்ஸ் லீக் கிண்ணங்கள் நான்கு. ஆனால் அந்தக் கதை எப்படித் தொடங்கியது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 2008இல் பயிற்றுநராகக் கார்டியோலா பொறுப்பெடுத்தபோது முதலில் வெளியே போனவர்கள் ரொனால்டினோவும் டெக்கோவும். ரொனால்டினோ அந்த ஊரின் செல்லப்பிள்ளை, உலகின் சிறந்த வீரர் விருது வாங்கியவர். அவரை விட்டார்கள், ஏனென்றால் பத்தாம் இலக்கச் சட்டையைப் போட ஒருவர் அந்த வீட்டுக்குள்ளேயே வளர்ந்திருந்தார். அடுத்த வருடமே லீக், ஸ்பெயினின் கிண்ணப் போட்டி, சம்பியன்ஸ் லீக் மூன்றும் பார்சிலோனாவுக்கு வந்தன.

அதே கழகம் 2017இல் நெய்மாரை இழந்தது. 222 மில்லியன் யூரோ, இன்றுவரை உலக சாதனை. அந்தக் காசை வைத்து என்ன செய்தார்கள் என்பதில்தான் பெரிய பாடம் இருக்கிறது. நூறு மில்லியனுக்கு மேல் கொடுத்து டெம்பெலேயை வாங்கினார்கள். அதைவிடக் கூடக் கொடுத்து, ஐந்து மாதம் கழித்து, லிவர்பூலிடமிருந்து கூட்டின்யோவை வாங்கினார்கள். கையில் இவ்வளவு காசு இருக்கிறது என்று விற்கிற எல்லோருக்கும் தெரியும், ஆகவே எல்லோரும் விலையை ஏற்றினார்கள். கூட்டின்யோவுக்கு அந்த அணியில் சரியான இடமே இருக்கவில்லை. அவருக்குப் பிடித்த இடத்தில் மெஸ்ஸி விளையாடிக் கொண்டிருந்தார். 2020 ஆகஸ்டில் பயேர்ண் மியூனிக்கிடம் 8-2 என்று பார்சிலோனா தோற்ற இரவில், கடைசி நேரத்தில் இரண்டு கோல் அடித்தவர் பயேர்ணுக்கு இரவலாகக் கொடுக்கப்பட்டிருந்த கூட்டின்யோதான். பார்சிலோனா வாங்கிய வீரர், பார்சிலோனாவுக்கே கோல் அடித்தார்.

ஒரு வருடம் கழித்து மெஸ்ஸி அழுதபடி விடைபெற்றார். சம்பளத்தைப் பாதியாகக் குறைக்க அவர் சம்மதித்தும் லீக்கின் சம்பள எல்லைக்குள் அவரைப் பதிவு செய்ய முடியவில்லை. கழகத்தின் கடன் 1.35 பில்லியன் யூரோ என்று தலைவர் லபோர்ட்டா அந்த மாதமே சொன்னார். சம்பளச் செலவு மட்டும் வருமானத்தைத் தாண்டியிருந்தது. மெஸ்ஸிக்குக் கொடுத்ததால் கழகம் விழுந்தது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான் அதை ஏற்க மாட்டேன். மெஸ்ஸி வாங்கிய சம்பளத்துக்கு மேல் திருப்பிக் கொடுத்தவர். நெய்மாரின் காசில்தான் பிழை நடந்தது. போனவரின் இடத்துக்கு யார் என்று முன்கூட்டியே யோசிக்காமல், பெயரைப் பார்த்துப் பெயரை வாங்கினார்கள்.

இப்போது அந்தக் கூட்டின்யோ விற்பனையை மறுபக்கத்திலிருந்து பாருங்கள். அதற்காகவே இந்தக் கட்டுரையை எழுதலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

லிவர்பூல் 2013இல் அவரை 8.5 மில்லியன் பவுணுக்கு வாங்கியது. 2018 ஜனவரியில் நூறு மில்லியனுக்கும் மேல் விற்றது. மேலதிகக் கொடுப்பனவுகள் எல்லாம் சேர்ந்தால் 142 மில்லியன் வரை போகும் என்று பேசப்பட்டது. அணியில் காலில் பந்தை வைத்து வித்தை காட்டக்கூடிய ஒரே ஆள் அவர்தான் என்று அப்போது ரசிகர்கள் குமுறினார்கள். ஆனால் லிவர்பூலுக்கு உண்மையான ஓட்டை பின்பக்கத்தில் இருந்தது. விற்பனை முடிவதற்கு முதலே பின்கள வீரர் வான் டைக்கை 75 மில்லியனுக்கு எடுத்துவிட்டார்கள். அந்தக் கோடையில் கோல் காப்பாளர் அலிசனை எடுத்தார்கள். முன்கள வீரர் ஒருவரின் காசு பின்களத்துக்கும் கோல் கம்பத்துக்கும் போனது.

2019 மே 7 ஆம் திகதி லிவர்பூலுக்கும் பார்சிலோனாவுக்கும் நடந்த சம்பியன்ஸ் லீக் அரையிறுதியின் இரண்டாவது ஆட்டம் எங்கள் நேரத்துக்கு நள்ளிரவு பன்னிரண்டரைக்கு. ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு ஊர் அடங்கிக் கிடந்த நாட்கள் அவை. உட்துறைமுக வீதிப் பக்கம் ஒரு வாகனச் சத்தம்கூட இல்லை. மைத்துனர் வீட்டில் ஒலியைக் குறைத்து வைத்துவிட்டு நான்கு பேர் பார்த்தோம். முதல் ஆட்டத்தில் பார்சிலோனா 3-0 என்று வென்றிருந்தது. இரண்டு கோல் மெஸ்ஸியுடையவை. லிவர்பூலுக்கு அன்றிரவு முன்கள வீரர்கள் சலாவும் இல்லை, பேர்மினோவும் இல்லை, இருவருக்கும் காயம். எதிரணியில் கூட்டின்யோ விளையாடினார். ஒரு மணித்தியாலத்தில் அவரை வெளியே எடுத்தார்கள்.

79ஆவது நிமிடம். லிவர்பூலுக்கு மூலை உதை. பந்து பொறுக்கும் பையன் ஓடிவந்து பந்தைச் சட்டென்று கொடுத்துவிட்டான். உதைக்கப் போனது அலெக்சாண்டர்-ஆர்னல்ட், அதே ஊரில் பிறந்து அதே கழகத்தில் சிறுவயதிலிருந்து வளர்ந்தவர், அப்போது இருபது வயது. பந்தை விட்டு இரண்டடி விலகி நடந்தார், வேறொருவர் உதைக்கப் போகிறார் என்பதுபோல. பார்சிலோனா வீரர்கள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். திரும்பி வந்து அடித்தார். ஒறிகி காலைக் கொடுத்தார். 4-0. மைத்துனர் வாயைப் பொத்திக்கொண்டு குதித்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அடுத்த மாதம் லிவர்பூல் சம்பியன்ஸ் லீக் வென்றது. அதற்கடுத்த வருடம், முப்பது வருடத்துக்குப் பிறகு, இங்கிலாந்து லீக்கையும்.

நட்சத்திரத்தை விற்றால் வெற்றி வரும் என்று இதைப் படித்துவிடக் கூடாது. டொட்டன்ஹாம் அப்படித்தான் ஏமாந்தது. 2013இல் கரெத் பேலை ரியல் மட்ரிட்டுக்கு 85 மில்லியன் பவுணுக்கு விற்றார்கள். அது அப்போதைய உலக சாதனை. அந்தக் காசில் ஏழு பேரை வாங்கினார்கள். ஏழு பேரில் எரிக்சன் மட்டும்தான் பெரிதாகப் பெயர் சொன்னார். பேல் இருந்த கடைசிப் பருவத்தில் ஐந்தாமிடத்தில் முடித்த அணி, ஏழு பேர் வந்த பருவத்தில் ஆறாமிடத்தில் முடித்தது. ஒரே கோடையில் ஏழு புதியவர்கள் வந்தால் யார் யாருக்குப் பந்து கொடுப்பது என்பதே ஆறு மாதத்துக்குத் தெரியாது. எங்கள் மட்டத்திலும் இதைப் பார்த்திருக்கிறேன். இங்கே ஒரு கழகம், பெயர் வேண்டாம், ஒரு சுற்றுப்போட்டிக்கு ஐந்து வெளியூர் வீரர்களை இறக்கியது. அரையிறுதியில் அவர்கள் ஒருவரை ஒருவர் கூப்பிடப் பெயர் தெரியாமல் "ஏய், ஏய்" என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த விற்பனை இதற்கெல்லாம் முந்தியது. ஆர்செனல் 1997இல் அனெல்கா என்ற பதினேழு வயதுப் பிரெஞ்சுப் பொடியனை ஐந்து இலட்சம் பவுணுக்கு எடுத்தது. இரண்டே வருடத்தில் ரியல் மட்ரிட் 22 மில்லியனுக்கு மேல் கொடுத்து அவரை வாங்கியது. பயிற்றுநர் ஆர்சென் வெங்கர் அதில் ஏறத்தாழப் பாதியை வைத்து யுவென்டஸில் விங்கராக வெளிக்காமல் கிடந்த தியரி ஹென்றியை எடுத்து நடு முன்களத்துக்கு மாற்றினார். ஹென்றி ஆர்செனலுக்கு 228 கோல்கள் போட்டார், கழகத்தின் வரலாற்றிலேயே அதிகம். மிச்சக் காசு லண்டன் கோல்னியில் கட்டிய புதிய பயிற்சி மைதானத்துக்குப் போனது. 2003-04 பருவத்தில் ஒரு லீக் ஆட்டம்கூடத் தோற்காத அணி தினமும் காலையில் பயிற்சி செய்தது அந்தப் புல்லில். ஒருவர் போனார். அவருடைய இடத்துக்கு ஒருவர் வந்தார், கூடவே எல்லோருக்கும் ஒரு மைதானமும் வந்தது. எங்கள் மூன்று இலட்சத்தைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் நான் இந்த இடத்தில்தான் வந்து நிற்கிறேன்.

ரியல் மட்ரிட் ரொனால்டோவை விட்டதையும் இங்கே சேர்க்க வேண்டும். 438 ஆட்டம், 450 கோல். 2018இல் முப்பத்து மூன்று வயதில் யுவென்டஸுக்கு 100 மில்லியன் யூரோவுக்கு விற்றார்கள். அடுத்த வருடம் சொந்த மைதானத்தில் அயாக்ஸிடம் 4-1 என்று அடிவாங்கி, லீக்கில் மூன்றாமிடத்தில் முடித்தார்கள். எல்லோரும் திட்டினார்கள். ஆனால் ரொனால்டோ போன அதே மாதத்தில் பதினெட்டு வயது வினிசியஸ் வந்து சேர்ந்திருந்தார். முதல் இரண்டு மூன்று வருடம் கோல் முன்னால் நின்று பந்தை வானத்துக்கு அடித்துக்கொண்டிருந்தவர் அவர். பொறுத்தார்கள். 2022 இறுதிப் போட்டியின் ஒரே கோல் அவருடையது, 2024 இறுதியிலும் ஒரு கோல். பொறுப்பதற்கு நான்கு வருடம் தேவைப்பட்டது என்பதை எங்கள் கூட்டத்தில் கட்டாயம் சொல்ல வேண்டும். "அடுத்த மாதமே அந்தப் பொடியன் கோல் போடுவானா?" என்று கேட்பவர்கள் அங்கே ஐந்து பேராவது இருக்கிறார்கள்.

மறுபுறம் யுவென்டஸ். ரொனால்டோ வருவதற்கு முந்திய நான்கு பருவங்களில் இரண்டு முறை, 2015இலும் 2017இலும், சம்பியன்ஸ் லீக் இறுதிவரை போன அணி அது. குறை ஒரு கிண்ணம்தான், அதற்காகவே அவரை எடுத்தார்கள். அவர் மூன்று வருடத்தில் 101 கோல் போட்டார், தன் பக்கத்தில் குறை வைக்கவில்லை. ஆனால் அணி காலிறுதியை ஒரு தடவைகூடத் தாண்டவில்லை. 2021இல் ஒன்பது வருடத் தொடர் லீக் பட்டமும் கைவிட்டுப் போனது. அவருடைய சம்பளத்தைச் சமாளிக்கப் போய் நடுக்களம் மெலிந்துவிட்டது. பிறகு மன்செஸ்டர் யுனைட்டட். முந்திய வருடம் இரண்டாமிடத்தில் முடித்த அணி, ரொனால்டோ திரும்பி வந்து லீக்கில் 18 கோல் போட்ட வருடம் ஆறாமிடத்துக்கு இறங்கியது. பதினெட்டுக் கோல் போட்ட ஒருவர் அணியில் இருந்தும் அணி எப்படிக் கீழே போகும்? அவர் முன்னால் ஓடி எதிரணியை நெருக்காதபோது மற்றப் பத்துப் பேரும் பின்னால் வந்து நிற்க வேண்டியிருந்தது. அவர் போட்ட கோல் பட்டியலில் தெரியும். அதனால் மற்றவர்கள் போடாமல் விட்ட கோல் எந்தப் பட்டியலிலும் தெரியாது.

ஆயத்த நட்சத்திரங்களை வாங்கி அடுக்குவதன் எல்லையைப் பார்க்க வேண்டுமானால் பாரிஸ்தான். 2021 தொடக்கம் 2023 வரை மெஸ்ஸி, நெய்மார், எம்பாப்பே மூவரும் ஒரே அணியில். இரண்டு வருடமும் சம்பியன்ஸ் லீக்கில் கடைசிப் பதினாறிலேயே வெளியே போனார்கள். 2023இல் இருவர் போனார்கள், 2024இல் எம்பாப்பேயும் போனார். 2025 மே 31 ஆம் திகதி, மூவரும் இல்லாத பாரிஸ், இறுதிப் போட்டியில் இன்டர் மிலானை 5-0 என்று வென்றது. அந்த இறுதிப் போட்டிகளின் வரலாற்றில் அவ்வளவு பெரிய வித்தியாசம் வேறு இல்லை. இரண்டு கோல் போட்ட டூவேக்குப் பத்தொன்பது வயது. ஐந்தாவது கோலைப் போட்ட மயூலுவுக்கும் பத்தொன்பதுதான், அவர் கழகத்தின் சொந்தப் பயிற்சிக் கூடத்தில் வளர்ந்தவர். அதற்காகப் பாரிஸை ஏழைக் கழகமாக்க வேண்டாம். டூவேக்கும் பல கோடி கொட்டினார்கள். ஆனால் பந்து கையை விட்டுப் போனதும் பதினொரு பேரும் ஓடினார்கள், முன்னாலிருந்த டெம்பெலே உட்பட. அதே டெம்பெலேதான் பார்சிலோனா நெய்மாரின் காசில் வாங்கியவர்.

ஐ.பி.எல். கதை கொஞ்சம் வேறு. அங்கே ஏலத்துக்குச் செலவழிக்க எல்லா அணிக்கும் ஒரே தொகை, 2025இல் 120 கோடி இந்திய ரூபாய். மூன்று நான்கு வருடத்துக்கு ஒரு தடவை பெரிய ஏலம் வந்து அணியைக் கலைத்துவிடும். ஆகவே ஒருவருக்குக் கூடக் கொடுத்தால் இன்னொரு இடத்தில் கட்டாயம் குறையும். இந்தக் கணக்கில் பெங்களூர் பதினேழு வருடம் தோற்றது. கோஹ்லி, கெயில், டிவில்லியர்ஸ் என்று துடுப்பாட்டத்தில் வானத்தைத் தொட்டார்கள். 2016இல் கோஹ்லி ஒரே பருவத்தில் 973 ஓட்டங்கள் எடுத்தார், அப்படியும் இறுதிப் போட்டியில் எட்டு ஓட்டங்களால் தோல்வி. 2025க்கு முன் கோஹ்லி உட்பட மூன்று பேரை மட்டும் வைத்துக்கொண்டு, மிச்சக் காசில் பெரும்பங்கைப் பந்துவீச்சுக்கும் சகலதுறை வீரர்களுக்கும் பிரித்தார்கள். ஹேசல்வூட், புவனேஷ்வர், குருணால் பாண்டியா. அணித்தலைவர் பட்டிதார். அந்த வருடக் கிண்ணம் அவர்களுக்கு. இறுதிப் போட்டியில் ஆட்ட நாயகன் குருணால், நான்கு ஓவரில் 17 ஓட்டத்துக்கு இரண்டு விக்கெட். கோஹ்லி பதினெட்டு வருடமும் அதே சட்டையில்தான் இருந்தார். நட்சத்திரம் மாறவில்லை, அவரைச் சுற்றி இருந்த அணி மாறியது.

இதைச் சொல்லும்போது சென்னையைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும், மனம் கொஞ்சம் கனத்தாலும். 2008 முதல் ஏலத்தில் 1.5 மில்லியன் டொலருக்கு எடுத்த டோனி ஐந்து கிண்ணங்கள் கொண்டுவந்தார். நட்சத்திரத்தை நீண்ட காலம் வைத்திருந்து வென்ற அணி என்றால் அதற்கு மேல் உதாரணம் இல்லை. ஆனால் அவருக்குப் பிறகு யார் என்ற கேள்வியைத் தள்ளித் தள்ளிப் போட்டார்கள். 2022இல் ஜடேஜாவுக்குக் கொடுத்த தலைமை பாதிப் பருவத்திலேயே அவரிடம் திரும்பி வந்தது. 2025இல் கெய்க்வாட் காயப்பட்டதும் நாற்பத்து மூன்று வயதில் மறுபடி அவரே அணித்தலைவர். சென்னை முதல் தடவையாகப் பட்டியலின் அடியில் முடித்தது. நான் டோனியின் ஆட்டத்துக்காக வேலைக்கு லீவு போட்டவன். அவர் மேல் எந்தக் குறையும் சொல்ல வரவில்லை. மாற்று ஆளை ஆயத்தப்படுத்தும் வேலை அவருடையதல்ல, நிர்வாகத்தினுடையது.

கூடைப்பந்தில் ஒரே ஒரு உதாரணம், நீட்டி எழுத மாட்டேன். 2019இல் ஒக்லஹோமா அணி போல் ஜோர்ஜ் என்ற நட்சத்திரத்தை விட்டுக்கொடுத்து, பதிலுக்கு கில்ஜஸ்-அலெக்சாண்டர் என்ற இருபது வயது வீரரையும் வருங்காலப் புதுமுகத் தெரிவு உரிமைகள் ஐந்தையும் வாங்கியது. இடையில் இரண்டு மூன்று வருடம் பட்டியலின் அடியில் கிடந்தார்கள். 2025இல் அவர்கள்தான் சம்பியன்.

எங்களுக்குக் கிட்டிய உதாரணமும் ஒன்று இருக்கிறது. லங்கா பிரீமியர் லீக்கில் திருகோணமலைக்கு அணி இல்லை, ஆகவே இங்கே பலருக்கு யாழ்ப்பாணம்தான் சொந்த அணி. முதல் ஐந்து பருவத்தில் நான்கு கிண்ணம் அவர்களுக்கு. முதல் மூன்றுக்கும் தலைவர் ஒருவரே, திசர பெரேரா. வருடா வருடம் முகத்தை மாற்றவில்லை. 2020இல் யாழ்ப்பாணத்துப் பொடியன் வியாஸ்காந்த் அந்தச் சட்டையைப் போட்டு இறங்கியபோது இங்கே மைதானத்தில் பேச்சே மாறிவிட்டது. அதுவரை சுழற்பந்து போடாதவர்கள்கூட விரலைச் சுழற்றிக்கொண்டு திரிந்தார்கள். 2024இல் அவர் ஐ.பி.எல்.லிலும் விளையாடினார். நட்சத்திரம் என்பவர் கோலுக்கும் ஓட்டத்துக்கும் மட்டும் என்று கணக்குப் போடுகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். எங்கள் ஒன்பதாம் இலக்கம் போனால் பின்னேரம் நாலரைக்கு மைதானத்துக்கு வரும் சின்னப் பொடியன்களில் சிலர் வராமல் விடலாம். அவனைப் பார்க்கவே வருகிறவர்கள் அவர்கள். இந்த நட்டத்தை நான் சின்னதாக எடுக்கவில்லை.

அப்படியானால் என் கை எந்தப் பக்கம்?

வெளியூர் வீரர் இருவரை இறக்கும் வழியை நான் முதலில் தள்ளிவைக்கிறேன். வான் டைக்கைப்போல ஒரு குறிப்பிட்ட ஓட்டையை அடைக்க வருகிறவர் என்றால் யோசிக்கலாம். இங்கே பேசப்பட்ட இருவரும் முன்கள வீரர்கள், இரண்டு மாதத்துக்கு மட்டும் வருகிறவர்கள். எங்கள் ஓட்டை நடுக்களத்தில் இருக்கிறது. போன பருவத்தில் தோற்ற ஆட்டங்களை எடுத்துப் பாருங்கள், அநேகமாக எல்லாமே கடைசி இருபது நிமிடத்தில், நடுக்களம் களைத்த பிறகு தோற்றவை.

வைத்திருக்கும் வழி எனக்கு ஆசையான வழி. ஆனால் மூன்று இலட்சத்தையும் அவனுக்குக் கொடுத்தால் பொடியன்களுக்கு ஒன்றுமில்லை. மெஸ்ஸியின் கடைசி வருடங்களில் பார்சிலோனா எழும்ப முடியாமல் கிடந்ததும், பிறகு எழும்பியதும், இரண்டையும் பார்த்துவிட்டு இதைச் சொல்கிறேன். அவர்களை எழுப்பியது வாங்கிய ஆட்கள் மட்டுமல்ல. பதினைந்து வயதில் முதல் அணிக்கு இறங்கிய யமாலும் அவனோடு வந்த மற்றப் பிள்ளைகளும்தான் முதுகெலும்பு. காசில்லாத காலத்திலும் சின்னவர்களின் பயிற்சிக் கூடத்தை மூடாமல் வைத்திருந்தார்கள். 2025இல் லீக் அவர்களுக்கே.

அதோடு, இருபத்தாறு வயதில் கொழும்பிலிருந்து வரும் அழைப்பு முப்பதில் வராது. அதை மறிக்க எங்களுக்கு உரிமை இல்லை. அவன் போனால் வீட்டுக்கு மாதாமாதம் காசு வரும். கழகத்துக்காக அவனை ஊரில் நிறுத்திவைத்து, நான்கு வருடம் கழித்து முழங்கால் வலியோடு அவன் கடலுக்கு இறங்குவதை நான் பார்க்க விரும்பவில்லை.

ஆகவே விடுவோம். ஆனால் சும்மா விடக்கூடாது. கொழும்புக் கழகத்திடம் காசாகக் கேட்டால் எங்களுக்குக் கிடைப்பது சொற்பம். இருபத்தைந்து நல்ல பந்துகளும், பருவம் தொடங்க முன் அவர்கள் அணி இங்கே வந்து ஒரு நட்பு ஆட்டமும் கேட்போம். அந்த ஆட்டத்தின் வசூல் எங்களுக்கு. அடுத்தது பதிவு. பன்னிரண்டு வயதிலிருந்து இருபத்து மூன்று வரை ஒரு வீரரை வளர்த்த கழகங்களுக்கு, அவர் பின்னாளில் காசுக்கு நாடு விட்டு நாடு மாறும்போது மாற்றத் தொகையில் ஐந்து வீதம் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான பிபாவின் விதி. யார் எந்த வருடம் எங்களிடம் விளையாடினார் என்று முறையாகப் பதிவிருந்தால்தான் அது கைக்கு வரும். எங்களிடம் இருப்பது ஒரு சீ.ஆர். கொப்பி, அதிலும் பாதிப் பக்கங்களை மழை நனைத்துவிட்டது. மூன்று இலட்சத்தில் முதல் செலவு இந்தப் பதிவு வேலை. இரண்டாவது பயிற்றுநர். மூன்றாவது மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் வரும் ஏழு பொடியன்களின் பஸ் காசு. அவர்களில் மூன்று பேர் நடுக்கள ஆட்கள்.

ஒன்பதாம் இலக்கச் சட்டைக்கு இந்த வருடம் ஆள் போட வேண்டாம் என்று கேட்கப் போகிறேன். பாலையூற்றுப் பொடியன் ஒருவன் இருக்கிறான், பதினேழு வயது, வேகம் இருக்கிறது, இடது கால் இன்னும் சரிவரவில்லை. அவன் பதினெட்டாம் இலக்கத்தோடே விளையாடட்டும். முதல் பருவத்தில் ஐந்து கோல் போட்டாலே போதும் என்று கூட்டக் குறிப்பில் எழுதி எல்லோரும் கையெழுத்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மூன்றாவது ஆட்டத்திலேயே அவனை இழுத்து வெளியே போட்டுவிடுவார்கள்.

நேற்றுப் பின்னேரம் மைதானத்துக்குப் போனேன். ஒன்பதாம் இலக்கம் தனியாக நின்று அந்தப் பொடியனுக்கு இடது காலால் அடிக்கச் சொல்லிக்கொடுத்துக் கொண்டிருந்தான். பந்தைக் கோல் கம்பத்துக்குப் பதினைந்து அடி தள்ளி வைத்து, ஊன்றும் வலது காலைப் பந்துக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னான். முதல் ஆறு பந்தும் வெளியே போனது. ஏழாவது கம்பத்தில் பட்டுத் திரும்பி வந்தது. "திரும்ப வை" என்றான். நான் ஒன்றும் சொல்லாமல் பந்து பொறுக்கிக் கொடுத்துக்கொண்டு நின்றேன்.